எதை விட்டுவிடலாம்?

தலைமையேற்றிருக்கும் பெரில் டிரான்டர் அம்மையார் அவர்களே, குளிரைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, பின்னால் தேநீர் ஊற்றும் தோழர்களே, ஆளுக்கு ஆள் ஒரு நாற்காலி இடம்விட்டு அமர்ந்திருக்கும் என் ஊர் மக்களே, வணக்கம்.

அந்தக் காலி நாற்காலிகளைப் பற்றித்தான் பேச வந்தேன்.

ஆற்றுக்கு அக்கரை வேல்ஸ். அங்கே மருத்துவர் எழுதித்தரும் மருந்துக்குக் கட்டணம் இல்லை. இக்கரை இங்கிலாந்து. இங்கே ஒவ்வொரு மருந்துக்கும் அரசு வைத்த விலை. இரு கரையிலும் பெய்வது ஒரே மழை. இரு கரை நெஞ்சிலும் இறங்குவது ஒரே பனி. மூச்சுக்கு மட்டும் ஏன் இரண்டு நீதி?

நெவில் ஹாப்குட்டை அறிவீர்கள். குப்பை வண்டியில் என்னோடு வேலை பார்த்தவர். மனைவி இறந்தபின் வீட்டில் அவரும் வானொலியும்தான். ஆஸ்துமா முற்றி மருத்துவமனையில் கிடந்தார். படுக்கையில் இருந்தவரை மருந்து இலவசம். வெளிநோயாளியாகத் திரும்பப் போனபோது மருந்து கொடுக்கும் சன்னலில் கட்டணம்.

மறுநாள் வண்டியில் சொன்னார். "படுத்துக் கிடந்தா இனாம், எழுந்து நடந்தா காசு. நான் நடந்தது தப்பு தம்பி."

"அப்போ திரும்பப் போய்ப் படுத்துக்குங்கண்ணே."

"படுத்துக்கலாம்தான். அங்க ராத்திரியில நர்ஸம்மா வந்து மூச்சு இருக்கான்னு பார்த்துட்டுப் போகும். வீட்ல எவன் பார்க்கிறான்?"

சிரித்தோம். அவரும் சிரித்தார்.

அவருக்கு எழுதியவை இரண்டு இன்ஹேலர்கள். பழுப்பு, மூச்சுத் திணறல் வராமல் தடுப்பது. நீலம், வந்துவிட்டால் காப்பது. அன்று கையில் இருந்தது ஒன்றுக்குத்தான். சன்னலில் குனிந்து கேட்டார்.

"இதுல எதை விட்டுடலாம்மா?"

"எதையும் விடக்கூடாது சார். முக்கியமா பழுப்பை."

"நீலம் அடிச்சா உடனே மூச்சு வருது. பழுப்பு அடிச்சா ஒண்ணுமே தெரியலையே. நீலத்தைக் குடும்மா."

இது எனக்கு எப்படித் தெரியும்? பின்னால் வரிசையில் நின்றவர்கள் சொன்னார்கள். அவரை அடக்கம் செய்த அன்று, தனித்தனியாக வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்கள். எல்லோருக்கும் காதில் விழுந்திருக்கிறது. எல்லோரும் சுவரைப் பார்த்திருக்கிறார்கள்.

என்ன ஐயா? எல்லா மருந்துக்கும் சேர்த்து ஆண்டுச் சீட்டு எடுத்துத் தவணையில் கட்டியிருக்கலாமே என்கிறீர்களா? கட்டியிருக்கலாம், ஸ்டான்லி. அன்று வரிசையில் நீங்களும் நின்றீர்களே, அவரிடம் சொன்னீர்களா?

உட்காருங்கள். உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. அடுத்தவர் பேச்சைக் காதில் வாங்காததுதானே நம் ஊர் மரியாதை? அந்த மரியாதையை நம்பித்தான் அரசு நம் மூச்சுக்கு விலை வைத்திருக்கிறது. கேட்பவன் தனியாகக் கேட்பான், தனியாக விடுவான், தனியாகச் சாவான் என்று அதற்குத் தெரியும்.

நீலத்தை மட்டும் வாங்கிப்போன சில வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. வண்டி அவர் தெருவுக்குள் நுழைந்தது. எல்லா வாசலிலும் குப்பைத் தொட்டி வெளியே நின்றது. அவர் வாசலில் இல்லை. குப்பைக்காரன் தன் தொட்டியை மறப்பானா? கதவை உடைத்தோம். வானொலி பாடிக்கொண்டிருந்தது. கையில் நீல இன்ஹேலர், தீர்ந்துபோய்.

கட்டணத்தை ஒழி என்று கேட்போம். ஒழியும்வரை கேட்போம். அதுவரை, சன்னலில் ஒருவர் "எதை விட்டுடலாம்" என்று கேட்டால், அது காதில் விழட்டும். விழுந்தது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. கைதட்ட வேண்டாம். ஆளுக்கு ஒரு நாற்காலி நகர்ந்து, பக்கத்தில் இருப்பவரின் அருகே உட்காருங்கள். வணக்கம்.