உட்காந்து சொன்ன ரகசியம்

...அதோ பாருங்க, நாலாவது படகும் வந்துடுச்சு. நாம நங்கூரம் போட்டு கால் மணி நேரம்கூட ஆகல சார். கடல் என்ன சின்னதா? மூணு பக்கமும் காலியாத்தானே கிடக்கு? எல்லாப் பயலுக்கும் என் முதுகுக்குப் பின்னாடிதான் மீன் பிடிக்கணும்.

நீங்க தூண்டிலைப் பாருங்க. ஈயக்குண்டு கடல் தரையத் தொட்டதும் ரெண்டு முழம் மேல தூக்கிக்கங்க... ஆங், அப்படித்தான். நான் இப்படி உட்காந்துக்கிறேன். இந்தப் பெட்டியும் மெத்தையும்தான் எனக்கு சிம்மாசனம். நின்னுக்கிட்டுப் பேசினா எனக்குப் பேச்சே வராது.

காலைல கழிமுகத்துலயும் இதே கதைதானே? இலை கொட்டி முடியிற மாசம், தண்ணி குளுந்ததும் மடவை மீன் கூட்டம் கரைய ஒட்டி ஓடும், அதத் துரத்திக்கிட்டு பெரிய கொடுவா மீன் வரும். எந்த இடத்துல வரும்னு எனக்கு மட்டும்தான் தெரியும். கரையில இருக்கிற தண்ணித் தொட்டியும் சிவப்புக் கூரையும் ஒரே கோட்டுல தெரியணும்னு உங்களுக்கு உட்காந்து விளக்கினேன். நீங்க முள்ளுல இரையக்கூட மாட்டல, அதுக்குள்ள தொப்பிக்காரன் படகு வந்து முன்னாடி நிக்குது. தொப்பிக்காரன்னா அவனும் என்ன மாதிரி வாடகைப் படகுக் கேப்டன்தான். குளிக்கும்போதுகூட தொப்பியக் கழட்ட மாட்டான். சரி தொலையட்டும்னு பத்து மைல் தள்ளி ஆழத்துக்கு வந்தோம். எந்தப் பாறைக்குப் போறோம்னு இதே பெட்டில உட்காந்து உங்களுக்கு மட்டும்தான் சொன்னேன். சங்கரா மீன் அடையிற பாறை இது, எங்கப்பாவுக்கே காட்டாத இடம். இங்கயும் ஆஜர்.

யாரு சொல்றான்னு எனக்குத் தெரியும் சார். என் மச்சினன். பொண்டாட்டியோட தம்பி. ஆறு வருஷம் இந்தப் படகுல எனக்குக் கையாளா நின்னவன். நங்கூரம் தூக்குறது, இரை வெட்டுறது, வாந்தி எடுக்கிறவங்களுக்கு முதுகு தடவுறது எல்லாம் அவன்தான். போன மாசம் இடம் கசிய ஆரம்பிச்சுது. என்னத் தவிர இடம் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தானே? இறங்குடான்னுட்டேன். மூணு வாரமாச்சு.

அப்புறமும் கசியுதேன்னு நீங்க கேக்கலாம். அதான் சார் அவன் சாமர்த்தியம். படகுல இல்லாமலே சொல்றான்.

இடத்த மட்டுமா சொல்றான்? போன வாரம் ஒரு பல் டாக்டர் வந்தாரு. பேச்சுவாக்குல, எனக்கு நீச்சல் தெரியாதுன்னு அவர்கிட்ட சொன்னேன். அவர்கிட்ட மட்டும்தான், இதே பெட்டில உட்காந்துதான். சாயங்காலம் கரைக்கு வந்தா ஐஸ் கடைக்காரன் வாத்துப் படம் போட்ட ரப்பர் வளையத்த நீட்டுறான், குழந்தைங்க இடுப்புல மாட்டிக்குமே, அது. காப்பிக் கடை அம்மாவுக்கு நான் மீசைக்கு மை போடுறது தெரிஞ்சிருக்கு. துறைமுக அதிகாரிய நான் ஆட்டு மூஞ்சின்னு சொன்னது அவருக்கே தெரிஞ்சிருக்கு.

வீட்டுல நெலம அதுக்கு மேல. தம்பி ஏறாத படகுக்கு சாப்பாடு கட்ட மாட்டேன்னுட்டா பொண்டாட்டி. மூணு வாரமா நான் பன்னும் வாழைப்பழமும்தான். பேச்சும் கிடையாது, பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும்தான். இன்னைக்கு அவன் தொப்பிக்காரன் படகுல வெள்ளோட்டம் போறான். பிடிச்சுப் போனா சாயங்காலமே அங்க நிரந்தரமாம். அப்படி ஆயிட்டா என் வீட்டுக் கதவு எனக்குத் திறக்குமான்னே சந்தேகம். உண்மையச் சொன்னா... அவன் இல்லாம இந்த நங்கூரத்தத் தூக்க என் இடுப்பு ஒத்துக்கல சார்.

ரெண்டு தடவை வாசல்ல வந்து நின்னான். “அத்தான், ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடுறேன்”னான். பேச விட்டாத்தானே? எப்பவும் நொய்நொய்ன்னு ஏதாவது குறை சொல்லிக்கிட்டே இருப்பான். போன மாசம் ஒரு அலை அடிச்சு ரேடியோ மைக்க மாட்டுற கொக்கி உடைஞ்சு போச்சு. “மாத்துங்க அத்தான், மாத்துங்க அத்தான்”னு உயிர எடுத்தான். எனக்கே சொல்லித் தர்றியான்னு, மைக்க நனையாம மெத்தைக்கு அடியில சொருகிட்டேன். வேலை முடிஞ்சுது.

அந்த ரேடியோவும் ஊமையாயிடுச்சு. நான் இங்க உட்காந்துட்டா ஒருத்தனும் என்கூடப் பேச மாட்டான். பொறாமை. எந்திரிச்சா மட்டும் எவனோ சிரிக்கிற மாதிரி...

என்ன சார் கையக் காட்டுறீங்க? மீனா? என் அடியிலயா? ஒயர்... ஆமா, அது மைக் ஒயர்தான். மெத்தைக்கு அடியில... அதான் சொன்னேனே, சொருகி...

இருங்க.

அமுக்குற பொத்தான் மேல் பக்கமா இருக்கு.

நான் உட்காந்தா... அது அமுங்கும். அமுங்கினா நான் பேசுறது எல்லாப் படகுக்கும் துறைமுகத்துக்கும் கேக்கும்.

ஐயையோ. ஒரு மாசமா.

எந்திரிச்சிட்டேன், ரேடியோவுல கேக்குதா? நாலு படகும் சிரிக்குது. ஆட்டு மூஞ்சி சிரிப்பும் அதுல இருக்கு. உஷ்... இது அவன் குரல். “அத்தான், புதுக் கொக்கி என் பையில இருக்கு”ங்கிறான். இறக்கி விட்ட அன்னைக்கே வாங்கிட்டானாம். அதச் சொல்லத்தான் வாசலுக்கு வந்தானாம்.

மைக்க எடுத்துப் பேசச் சொல்றீங்களா? நல்லாச் சொன்னீங்க. இருபது வருஷக் கேப்டன் சார் நான். மன்னிச்சுக்கோடான்னு ரேடியோவுல கேட்டா என் மரியாதை என்னாகுறது?

நான் உட்காந்துக்கிறேன். நல்லா அழுத்தி உட்காந்துக்கிறேன். உங்ககிட்ட மட்டும் ஒரு ரகசியம் சொல்றேன் சார், வெளிய விட்டுடாதீங்க. என் மச்சினன் மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு பூரா என் வாயும், அதுக்குக் கீழ இருக்கிற இன்னொண்ணும்தான். அவன மாதிரி ஒரு ஆள் இந்தத் துறைமுகத்துலயே கிடையாது. நாளைக்குக் காலைல அஞ்சரைக்குப் படகு எடுக்கிறேன். அவன் இடம் காலியாத்தான் இருக்கு. கொக்கியோட வந்தான்னா நல்லது. அவங்கக்கா கையால சாப்பாடும் வாங்கிட்டு வந்தான்னா ரொம்ப நல்லது.

அவ்வளவுதான் சார். நகருங்க, நான் எந்திரிக்கணும். என்ன சொல்றான்னு கேக்கணும்ல?