மறுபடி சார்

உங்கள் அலுவலகத் தேநீரில் இன்று சர்க்கரை கொஞ்சம் தூக்கல். தப்பாக நினைக்காதீர்கள். இருபத்தாறு வருடம் குறை எழுதியே சம்பளம் வாங்கியவன் நான், நாக்கும் அதற்கே பழகிவிட்டது. போன வியாழக்கிழமை சர்க்கரை பத்தவில்லை என்று சொன்னேன். அதை நினைவில் வைத்து அள்ளிப் போடச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்காக ஒருவர் ஒன்றை நினைவில் வைத்திருப்பது சந்தோஷமாக இருக்கிறது.

நீங்கள் போலீஸ் இல்லை, நம் காப்பீட்டுக் கம்பெனியின் விசாரணை அதிகாரி. நாலு மாடிக் கட்டட வேலையில் கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்து இறந்தது என்னால்தான் என்று நான் எழுத்தில் ஒப்புக்கொண்டால், லாக்கப்பில் இருக்கும் காண்ட்ராக்டர் வெளியே வந்துவிடுவார், கொத்தனாரின் மனைவிக்குச் சேர வேண்டியதும் சேர்ந்துவிடும். இதை மூன்று வியாழக்கிழமைகளாகப் பொறுமையாகச் சொல்லி வருகிறீர்கள். இன்று சொல்லிவிடுகிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியாததல்ல. கட்டட காண்ட்ராக்டர்கள் பாலிசி எடுத்ததும் நேரில் போய், சாரம் உறுதியாக நிற்கிறதா, ஓரங்களில் தடுப்பு இருக்கிறதா என்று பார்த்து அறிக்கை எழுத வேண்டும். குறை இருந்தால் பதினைந்து நாளில் மறுபடி போக வேண்டும். இல்லையென்றால் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட வேண்டும், அதன்பிறகு அங்கே எனக்கு வேலை இல்லை. எழுதிக் கொடுத்த குறையைச் சரிசெய்யாமல் விபத்து நடந்தால் கம்பெனி கையை விரித்துவிடும்.

என் வீடு ஒரே ஓர் அறை. மனைவி போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. இறந்துவிடவில்லை, போய்விட்டாள், அவ்வளவுதான். போன் அடித்தால் ஆபீசாக இருக்கும், இல்லாவிட்டால் ராங் நம்பர். ராங் நம்பர் என்றாலும் நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் வைப்பேன்.

அந்த நாலு மாடிக் கட்டடத்துக்கு நான் முதலில் போனபோது மணி ஒன்றேகால். காண்ட்ராக்டரின் அக்கா ஆட்களுக்கெல்லாம் அங்கேயே சமைத்துப் போடுகிறவர். வேலையை முடித்துக் கிளம்பிய என்னை மறித்துக்கொண்டு நின்றார்.

"சாப்பிடாம யாரும் இந்த கேட்டத் தாண்டினதில்ல சார். உக்காருங்க."

கொத்தனார் ஒரு சிமெண்டு வாளியைக் கவிழ்த்து, மேலே சாக்கை மடித்துப் போட்டார். "வாங்கண்ணே, இதுதான் உங்க சீட்டு." கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லாதவன் நான். அந்த அண்ணே என்னைவிட்டுப் போகவில்லை.

அன்று நிஜமாகவே ஒரு குறை இருந்தது, இரண்டாம் மாடியில் தடுப்பு இல்லை. அடுத்த முறை போவதற்குள் கட்டிவிட்டார்கள். முதலுதவிப் பெட்டியில் கத்தரிக்கோல் இல்லை என்று எழுதினேன். அதற்கடுத்த முறை, தீயணைக்கும் வாளியில் மணல் விளிம்புவரை இல்லை. நான்காவது முறை என்ன எழுதினேன் என்று எனக்கே மறந்துவிட்டது. எல்லா அறிக்கையின் அடியிலும் 'மறுபடி பார்க்க வேண்டும்' என்று வரும், அதனால் எனக்கு மறுபடி சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். "மறுபடி சார் வந்துட்டாரு, இன்னொரு தட்டு எடுங்க" என்று மேலே இருந்தே குரல் கேட்கும். பட்டப்பெயர் வைத்தால் கோபப்படுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் குரலுக்காகவே கேட்டருகே கொஞ்சம் மெதுவாக நடப்பேன்.

ஐந்தாவது முறை ஒன்றுமே அகப்படவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். காண்ட்ராக்டர் கத்தரிக்கோலே மூன்று வாங்கி வைத்திருந்தார். "இன்னிக்குக் கையெழுத்துப் போட்டுருவீங்கல்ல சார்?" என்றார். பாவம், பெருமையாகத்தான் கேட்டார். இன்னொரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று தனியாக மேலே ஏறினேன்.

மூன்றாம் மாடிச் சாரத்தில், ஓரத்துக் குழாயைப் பிடித்திருந்த கிளாம்ப்பின் நட்டைத் தளர்த்தினேன். இறுக்கம் பார்ப்பதற்காக என் பையில் எப்போதும் ஒரு ஸ்பேனர் இருக்கும். அதையே எதிர்ப்பக்கம் நாலு சுற்றுச் சுற்றினேன். அறிக்கைக்குப் படமும் எடுத்துக்கொண்டேன். அந்தப் படத்தின் மூலையில் ஸ்பேனரும் விழுந்திருக்கிறது என்று நீங்கள் பெரிதாக்கிக் காட்டிய பிறகுதான் பார்த்தேன். ஸ்பேனர் வைத்திருப்பது குற்றமில்லை, ஒப்புதல் என் வாயால்தான் வர வேண்டும் என்று நீங்களே சொன்னீர்கள்.

உயிருக்கு ஆபத்தான குறை என்றால் அங்கேயே வாயால் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. சொல்லத்தான் இறங்கினேன். கீழே வாளி கவிழ்ந்திருந்தது, சாக்கும் மடித்திருந்தது. "என்ன சார், முகமே சரியில்ல? ஒடம்புக்கு முடியலையா?" என்று அக்கா கேட்டார். சொன்னால் கொத்தனார் அந்த நிமிடமே ஏறி இறுக்கிவிட்டு வந்துவிடுவார், நானும் கையெழுத்துப் போட்டாக வேண்டும். ஆகவே சொல்லவில்லை. கொத்தனார் தன் தட்டிலிருந்த மீனில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தார்.

"வேல முடிஞ்சாலும் சும்மா வந்துட்டுப் போங்கண்ணே. உங்களுக்குன்னு ஒரு வாளி இருக்கும்."

மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எல்லோரும் அப்படித்தானே சொல்வார்கள்.

சாயங்காலம் நாலு மணிக்கு அறிக்கையை அனுப்பிவிட்டேன். எச்சரிக்காமல் விட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. காண்ட்ராக்டர்தான் திறந்து பார்க்கவில்லை. மறுபடி சார் எழுதினால் கத்தரிக்கோலாகத்தான் இருக்கும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாராம். காலை எட்டு மணிக்குக் கொத்தனார் மேலே ஏறினார். பாதுகாப்பு பெல்ட் போட்டிருந்தார், ஒழுங்கான மனிதர். பெல்ட்டின் கொக்கியை அந்தக் குழாயில்தான் மாட்டியிருந்தார்.

"நீங்க எழுதிக் குடுத்தீங்க சார், நான்தான் தெறந்து பாக்கல. நானே அவனக் கொன்னுட்டேன்" என்று காண்ட்ராக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். எனக்கு ஆறுதல் சொல்ல வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

ஆக, நட்டைத் தளர்த்தியது நான். தெரிந்தும் சொல்லாமல் போனதும் நான். இதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லை.

நான் சொல்லச் சொல்ல டைப் அடித்து, பிரிண்டும் எடுத்து வந்துவிட்டீர்களே, நல்ல சுறுசுறுப்பு. கையெழுத்து இங்கேதானே? ஒரு நிமிடம். முதல்நாள் நான் போனது ஒரு மணிக்கு என்று இருக்கிறது. ஒன்றேகால் என்றுதான் சொன்னேன். சின்னக் குறைதான், ஆனால் குறையோடு கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்லை. நிதானமாகத் திருத்தி வையுங்கள், அவசரமில்லை. வியாழக்கிழமை வந்து மறுபடி பார்க்கிறேன். சர்க்கரை மட்டும் ஒரு கரண்டி குறைக்கச் சொல்லுங்கள்.