தமிழ் டீச்சருக்கு ஓர் உதாரணம்

எனக்குத் தமிழ் மேல் கொஞ்சம் பிரியம் உண்டு. எதிர் வீட்டுக் கதவு திறந்தால் என் சன்னலும் திறந்துகொள்ளும். அது வேறு விஷயம்.

குரும்பலூரில் எங்கள் தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. "சிமெண்டு ஆலைக்குப் போற மணிவண்ணன் வீட்டுத் தளம் ஒழுகுது. என்ன ஒரு நகைமுரண்" என்று அதில் எழுதினேன். எதிர் வீட்டு சுகன்யா தமிழ் டீச்சர். "அவர் அங்க கேன்டீன்லதானேக்கா இருக்காரு? இது வெறும் துரதிர்ஷ்டம். ஒண்ணு நடக்கக் கூடாதுன்னு நாம செய்யிற வேலையே அதை நடத்தி வச்சாத்தான் நகைமுரண்" என்று எண்பத்து நான்கு பேர் பார்க்கத் திருத்தினாள். கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மை வேறு.

நான் கோபப்படவில்லை. பாடம் புரிய உதாரணம் வேண்டும், அவ்வளவுதான்.

சுகன்யாவுக்கு வயது முப்பத்தொன்று. இரண்டு இடம் கைகூடவில்லை. மூன்றாவதாக அரியலூர் வேல்முருகன் வந்தான். இந்த முறை என் காதுக்கு எட்டக் கூடாது என்று, பெண் பார்ப்பதைச் செட்டிகுளம் மலைக் கோயிலில் வைத்துக்கொண்டார்கள். பையனுக்குப் பிடித்துவிட்டது. வீட்டுக்குக் கூப்பிடாமல் மலைக்கு ஏன் கூப்பிட்டார்கள் என்று அவன் அத்தைக்குத்தான் உறுத்தல். விசாரிக்க வந்தவர் நேரே என் வாசலில் நின்றார்.

"பொண்ணு எப்புடிங்க?"

"தங்கமான பொண்ணுங்க. இப்பல்லாம் மயக்கம் போட்டு விழறதே இல்லீங்க."

"அப்ப முன்னாடி?"

"அதெல்லாம் என் வாயால எப்புடிங்க சொல்றது? கொஞ்சம் மோர் குடிக்கிறீங்களா?"

சுகன்யா ஒருநாளும் மயங்கி விழுந்தவள் இல்லை. ஆகவே நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

மறுநாளே வேண்டாம் என்று போன் வந்துவிட்டது. சுகன்யா பத்து நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. நான்தான் ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். யார் கலைத்தது என்று தெரு முழுக்கப் பேச்சு. நானும் சேர்ந்து பேசினேன்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் படித்ததைக் காட்ட வேண்டாமா? குழுவில் எழுதினேன்: "டீச்சர், எனக்குத் தெரியக் கூடாதுன்னு கோயில்ல வச்சீங்க. அதனாலதான் அந்தம்மா எங்கிட்டயே விசாரிக்க வந்துட்டாங்க. இப்ப நகைமுரண் சரியா?"

மதிப்பெண் வரவில்லை. நியாயம் கேட்டு நீங்கள்தான் என் வாசலில் வந்து நிற்கிறீர்கள், தெருவே திரண்டு. ஒருத்தருக்கும் தெரியாமல் செய்ததை நானே எழுதி மாட்டிக்கொண்டேனாம், இதுதான் நகைமுரணாம்.

அந்தச் சொல்லை நீங்களும் தப்பாகத்தான் புரிந்துவைத்திருக்கிறீர்கள். இது வெறும் துரதிர்ஷ்டம்.