ஒன்பது சுற்று

உங்கள் அறைக் கதவு அடியில் உரசுகிறது, ஐயா. மேல் கீலைக் கொஞ்சம் இறுக்கினால் சரியாகிவிடும். யார் வீட்டுக்குப் போனாலும் எனக்கு முதலில் கண்ணில் படுவது இந்த மாதிரி விஷயங்கள்தான். அப்புறம்தான் மனிதர்கள்.

நான் வந்தது, பட்டறை விபத்தை விசாரிக்கிற உங்களிடம் என் தங்கை கணவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதத்தைப் பற்றி. சாணைச் சக்கரம் வெடித்து அந்தப் பெண் இறந்துபோனதற்குத் தானே பொறுப்பு என்று எழுதியிருக்கிறார். ‘என் காது கெட்டுவிட்டது, அதை மறைத்து வேலை பார்த்தேன்’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரி தவறு. அவருடைய காதில் ஒரு குறையும் இல்லை. எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல காது கிடையாது.

என் தொழில் பல் கட்டுவது. மருத்துவர் அச்சு எடுத்து அனுப்புவார், நான் பல் செய்து அனுப்புவேன். இருபத்திரண்டு வருடமாக அதே மேசை, அதே ஜன்னல். செய்த பல் ஒரு மயிரிழை உயர்ந்துபோனால் போட்டுக்கொண்டவருக்குப் பல் வலிக்காது. தலை வலிக்கும், தூக்கம் கெடும், வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுவார். பல்லின் மேல் அவருக்குச் சந்தேகமே வராது. தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வார்.

தொழிலை விட்டால் எனக்கு இருந்த ஒரே பைத்தியம் பேஸ் கிடார். நான்கு தடித்த கம்பிகள், அடித்தொண்டைக் குரல். ஒரு பாட்டில் அது இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது, எடுத்துவிட்டால் மட்டும் எல்லோருக்கும் தெரியும். பழையதாக வாங்குவேன். கழுத்து வளைந்தது, வயர் அறுந்தது, யாரோ கோபத்தில் பச்சை பெயின்ட் அடித்தது எல்லாம் என்னிடம் வந்து சேரும். பிரித்துப் போட்டு, பல் ராவும் அரத்தாலேயே ராவி, வயரைப் பற்றவைத்து, மெருகு போட்டு எடுத்தால் புதிதை விட நன்றாகப் பேசும். அப்படி ஏழு சேர்ந்துவிட்டது. “காலாகாலத்துல ஒரு கல்யாணத்தப் பண்ணியிருந்தா ஒண்ணோட நின்னிருக்கும்” என்று என் தங்கை சிரிப்பாள்.

மாப்பிள்ளை என் வீட்டுக்கு வந்த புதிதில் சும்மா ஒன்றை எடுத்து மடியில் வைத்தார். பிடிப்பதற்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அவருக்கு வேலை ஒரு பட்டறையில், இரும்பு உதிரிப் பாகங்களைச் சாணை பிடிப்பது. முரட்டுக் கை. ஆனால் எட்டு மாதத்தில் அந்தக் கை நான் பதினோரு வருடத்தில் போகாத இடத்துக்கெல்லாம் போனது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து வாசிப்போம். மருந்துக்கடைக்காரர் டிரம்ஸ், ஒரு பள்ளிக்கூட டீச்சர் கீபோர்டு, பேஸ் நானும் மாப்பிள்ளையும் மாறி மாறி. ஒருநாள் மருந்துக்கடைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தப்பா எடுத்துக்காதீங்க, இனிமே பேஸை அவரே வாசிக்கட்டும். நீங்க சவுண்டைப் பாத்துக்குங்க. உங்க அளவுக்கு அந்த வேலை யாருக்குத் தெரியும்?” என்றார். நியாயமான பேச்சு. நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளைக்காகவே ஒரு கிடாரைத் தயார் செய்தேன். அதன் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டைகளை எல்லாம் பிடுங்கிவிட்டேன். கட்டை இருந்தால் விரலை எங்கே வைத்தாலும் சுதி தானாகக் கட்டையில் வந்து நிற்கும். எடுத்துவிட்டால் விரல்தான் கட்டை. பிடுங்கிய பள்ளங்களை வெளிர்நிற மரச்சீவலால் அடைத்து இழைத்தேன். கறுத்த பலகையில் மெல்லிய கோடுகளாக நின்றன. வாசிப்பவர் அந்தக் கோட்டின் மேல் விரலை வைக்க வேண்டும். இம்மி பிசகினாலும் சுதி பிசகும், பழி விரலுக்குத்தான் போகும். அந்தக் கிடாரைக் கையில் வாங்கியபோது அவர் கண் கலங்கியது. “இந்த மாதிரி ஒண்ண எனக்கு யாரும் செஞ்சு குடுத்ததில்ல மச்சான்” என்றார்.

மாதத்தின் முதல் ஞாயிறு அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். கம்பியைத் துடைத்து, வயர் பார்த்து, சரிசெய்து கொடுப்பேன். அவர் ஒருநாளும் திருப்புளியைத் தொட்டதில்லை. எல்லாம் என்னை நம்பித்தான்.

அப்போதுதான் அந்தக் கப்பல் விஷயம் வந்தது. பயணிகள் கப்பலில் வாசிக்கிற ஒரு குழு. வருடத்தில் எட்டு மாதம் கடல்மேல். அந்தக் குழுவின் தலைவர் எங்கேயோ இவர் வாசித்ததைக் கேட்டுவிட்டு, மூன்று மாதம் கழித்து ஒத்திகைக்கு வரச் சொல்லியிருந்தார். ஒரு முதல் ஞாயிறன்று தங்கை என் வேலை மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். மடியில் நான்கு வயதுக் குழந்தை.

“அண்ணா, எட்டு மாசம் நான் தனியா இவள வச்சுக்கிட்டு என்ன பண்ணுவேன்? பட்டறை வேலையையும் விட்டுட்டுப் போறேங்கறார்.”

“நீயே சொல்லிப் பாரேன்.”

“நான் சொன்னா நான் குறுக்க நிக்கறேன்னு ஆயிடும். நீ சொன்னா கேப்பார்.”

நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மனஸ்தாபம் வந்திருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை கிடார் என் மேசையில் கிடந்தது. கம்பிகள் வந்து முடிகிற அடிமுனையில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சிறு உலோகத் துண்டு இருக்கும், அதன் பின்னால் ஒரு திருகு. திருகைச் சுற்றினால் துண்டு பின்னால் நகர்ந்து கம்பியின் நீளம் கூடும். கம்பியை மறுபடி சுதி கூட்டிவிட்டால் வெறுங்கம்பி சரியாகவே பேசும். ஆனால் கோட்டில் விரல் வைத்தால் சுதி ஒரு நூல் இறங்கியிருக்கும், மேலே போகப் போக இன்னும் இறங்கும். நான்கு திருகிலும் ஒரு சுற்று சுற்றினேன். அரை மில்லிமீட்டர். அவ்வளவுதான்.

யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒரு குடும்பம் பிரியாமல் இருக்க அரை மில்லிமீட்டர். அடுத்த மாதம் இன்னொரு சுற்று, அதற்கடுத்த மாதம் இன்னொன்று.

ஒரு மாலை கிடாரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“மச்சான், எனக்கென்னமோ சுதி சேரல. கோட்டுலதான் விரல் வைக்கறேன். காதுல இறங்கிக் கேக்குது.”

கிடாரை வாங்கி நான் வாசித்துக் காட்டினேன். எந்தக் கோட்டுக்கு எவ்வளவு முன்னால் விரல் வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியுமே. என் உள்ளங்கை மறைத்துக்கொண்டிருந்தது. சுத்தமாக வந்தது.

“பாருங்க மாப்ளே, சரியாத்தானே இருக்கு?”

அவர் ரொம்ப நேரம் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஆமா, உங்க கையில சரியாத்தான் இருக்கு” என்றார். “அப்ப எனக்குத்தான் ஏதோ.”

அங்கேயே சொல்லியிருக்கலாம். நான் டீ போடப் போனேன்.

அவருடைய காது சரியாகச் சொன்னது, ஐயா. கோட்டுக்கு முன்னால் போ, முன்னால் போ என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. அவர் தன் காதை விட்டுவிட்டு என் கோட்டை நம்பினார். ஒத்திகையில் கப்பல் குழுவின் தலைவர், “கை நல்ல கை. சுதிதான் கொஞ்சம் இறங்குது, சரி பண்ணிட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார். தங்கை அன்று எனக்கு நன்றி சொன்னாள். நான் ஏதோ பேசி மனதை மாற்றிவிட்டதாக நினைத்தாள்.

அதோடு நிறுத்தியிருந்தால் வாதத்துக்காவது இடம் இருந்திருக்கும். அதற்குப் பிறகும் இரண்டு தடவை சுற்றினேன். மொத்தம் ஒன்பது சுற்று, நாலரை மில்லிமீட்டர். இரண்டு தீக்குச்சிகளை ஒட்டிவைத்தால் எவ்வளவு தடிமன் இருக்கும், அவ்வளவு.

அவர் காது மருத்துவரிடம் போனார். துணைக்கு நான்தான் போனேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்து ஒவ்வொரு ஒலியாகப் போட்டுக் கேட்டார்கள். ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதம் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில், “காதுல இல்லன்னா அப்ப மூளையிலதான் மச்சான்” என்றார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

பிறகு கிடாரை என்னிடமே விட்டுவிட்டார். வீட்டில் குழந்தை அழுதால் தங்கையைத் திரும்பிப் பார்ப்பாராம், அழுகிறாளா, தனக்குத்தான் அப்படிக் கேட்கிறதா என்று. வாசல் மணி அடித்தால் எழுந்திருக்க மாட்டாராம். “நெஜமா அடிச்சுதா?” என்று கேட்பாராம். தங்கை இதை என்னிடம் சொல்லி அழுதாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி நான் பேஸ் வாசிக்க ஆரம்பித்திருந்தேன். அதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

சாணைச் சக்கரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புதுச் சக்கரத்தை மெஷினில் மாட்டும் முன் நடுத்துளையில் விரலை விட்டுத் தூக்கி, ஒரு மரக்கைப்பிடியால் தட்டிப் பார்ப்பார்கள். மணி மாதிரி ஒலித்தால் நல்ல சக்கரம். உடைந்த சட்டி மாதிரி மட்டமாகக் கேட்டால் உள்ளே விரிசல், தூக்கிப் போட வேண்டியதுதான். பதினைந்து வருடமாக அவர் தட்டிப் பார்த்து ஒரு சக்கரமும் வெடித்ததில்லை. மற்றவர்கள் தட்டியதைக்கூட அவரிடம் கொண்டுவந்து காட்டுவார்களாம்.

அன்று காலை பத்தரைக்குத் தட்டியிருக்கிறார். மட்டமாகக் கேட்டிருக்கிறது. மறுபடி தட்டியிருக்கிறார். பிறகு மாட்டியிருக்கிறார். பேக்கிங் பகுதியிலிருந்து அந்தப் பெண் ஒரு சீட்டில் கையெழுத்து வாங்க வந்து எதிரில் நின்றபோது சக்கரம் வெடித்தது. மாப்பிள்ளைக்குத் தோளில் நான்கு தையல். அந்தப் பெண்ணை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் படத்தில் மட்டும் பார்த்தேன், அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் வைத்திருந்தார்கள். தெற்றுப்பல். மனிதர்களில் நான் முதலில் பல்லைத்தான் பார்ப்பேன்.

மருத்துவமனையில் மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “மட்டமாத்தான் கேட்டுச்சு மச்சான். ரெண்டு தடவையும் மட்டமாத்தான் கேட்டுச்சு. நம்ம காதுதான் எல்லாத்தையும் இறக்கிக் கேக்குதேன்னு மாட்டிட்டேன்.”

“விடுங்க மாப்ளே” என்றேன். “யாருக்கும் நடக்கறதுதான்.”

அந்தப் பெண்ணின் அம்மா மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து எதுவும் பேசாமல் கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாராம். அன்றைக்குத்தான் அவர் உங்களிடம் வந்து எழுதிக் கொடுத்தார். நான் பதினாறு நாள் கழித்து வந்திருக்கிறேன். அந்தக் கிடாரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறேன். திருகுகளை நான் தொடவில்லை. அளந்து பார்க்கத் தெரிந்தவர் யாரையாவது கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கொடுத்த படிவத்தில் காரணம் என்ற இடத்தில், என் தங்கைக்காக என்று எழுதியிருக்கிறேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். உங்களிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வரும்போதுதான் மாதக் கணக்கு உதைக்கிறது. படிவத்தில் அந்தக் காரணத்தை அடித்துவிடுங்கள். தங்கை வந்து கேட்ட ஞாயிற்றுக்கிழமை நான் சுற்றினேன் என்றேனே, அது ஐந்தாவது சுற்று.

முதல் சுற்று சுற்றியபோது கப்பலும் இல்லை, ஒத்திகையும் இல்லை. மாப்பிள்ளை கிடாரைத் திருப்பி எடுத்துப் போக வந்திருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். உள்ளே அவர் ஒரு மெட்டை வாசித்தார். அது நான் பல வருடமாக வாசித்துப் பார்த்து எப்போதும் நடுவில் தடுக்கி விழுகிற மெட்டு. ஒலியை ரொம்பக் குறைத்து வைத்துக்கொண்டு, என் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று அவ்வளவு மெதுவாக வாசித்தார். தடுக்காமல் முடித்தார். நான் வரும் சத்தம் கேட்டதும் கிடாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

டீயை அவர் முன்னால் வைத்தேன். “கிடார் இன்னும் ஒரு வாரம் இங்கயே இருக்கட்டும் மாப்ளே” என்றேன். “கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு.”