சக்கரத்தின் உயரம்

சொட்டு மருந்து விடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, டாக்டரம்மா. தலையை அண்ணாந்து வைக்கச் சொல்லி, கீழ் இமையை இழுத்துப் பிடித்து, ஒரு சொட்டு. நீங்கள் சொன்னபடி ஒரு வேளைகூடத் தவறாமல் விட்டேன். அப்படியும் அவர் கண்ணில் அழுத்தம் ஏன் ஏறியது, பார்வை ஏன் போனது என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் திண்டிவனத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து எடுத்துச் சம்பாதிப்பார். மிச்ச ஃபிலிமோடு ரயிலைப் படம் பிடிக்க விழுப்புரம் ஜங்ஷனுக்கு ஓடுவார். கரி இன்ஜின் காலம் அது. டீசல் வந்த பிறகும் விடவில்லை. பாசஞ்சர் வண்டியை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். கூட்ஸ்தான். உரமோ சிமெண்டோ ஏற்றிய வண்டி வருகிறது என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். வெயிலில் நின்று கருத்துப்போய்த் திரும்புவார். அப்போது முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை.

கல்யாணமான புதிதில் என்னையும் ஒருமுறை அழைத்துப் போனார். பட்டுப்புடவை கட்டி, முல்லை வைத்துக்கொண்டு போனேன். இன்ஜின் பக்கத்தில் நிற்கச் சொன்னார். இப்படி நவுரு, அப்படி நவுரு என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு வெட்கம் தாளவில்லை. படம் கழுவி வந்தது. இன்ஜின் விட்ட ஆவி என் முகத்தை மறைத்திருந்தது.

"இன்னாங்க, எம் மூஞ்சே தெரியல?"

"மூஞ்சி எதுக்கு? சக்கரம் எவ்ளோ ஒசரம்னு தெரியணும். அதுக்குத்தான் ஒன்ன நிக்க வெச்சேன்."

கோபமாக இல்லை, பிரியமாகத்தான் சொன்னார். நான் சோறு போடப் போய்விட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னைப் படம் எடுக்கவே இல்லை.

இன்ஜினோடு யார் சண்டை போட முடியும்? வயதானால் அடங்கும் என்று இருந்தேன். அடங்கியது. ஸ்டூடியோவை மூடினார், கண்ணில் கோளாறு என்றீர்கள், வீட்டோடு இருந்தார். அப்போதுதான் கலையரசி வந்தாள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. பழைய ரயில் படங்களைத் தேடி அலைகிற கூட்டம் ஒன்று இருக்கிறதாம், அதில் ஒருத்தி. நல்ல பெண். எனக்குப் பழமெல்லாம் வாங்கி வருவாள். ஞாயிறு தவறாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து, "சார், இது எங்க எடுத்தது?" என்பாள்.

"முண்டியம்பாக்கம்மா. கரும்பு லாரிங்க கேட்டுல நின்னுக்கினு இருக்குது பாரு. மழை வர்ற நேரம். அந்தப் புகை அப்படியே கீழ எறங்குச்சு."

அவரிடம் அத்தனை பேச்சு இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

ஒருநாள் கிளம்பும்போது அவள், "சாரோட கண்ணுதாம்மா சொத்து, பத்திரமா பாத்துக்குங்க" என்றாள். என்னிடம் சொன்னாள்.

அன்று சாயங்காலம் பாட்டிலின் மூக்கைக் கழற்றி மருந்தைக் கொட்டிவிட்டு, தண்ணீர் நிரப்பினேன். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்தான். பச்சைத் தண்ணீர் கண்ணுக்கு ஆகாது. புது பாட்டில் வாங்கும்போதெல்லாம் அதே மாதிரி. முதலில் நிலைப்படியில் இடித்துக்கொண்டார். பிறகு ஒரு படத்தைக் கண்ணருகே பிடித்து, "இன்ஜின் தெரியுது, பின்னாடி பொட்டியெல்லாம் காணோமே" என்றார். கடைசியில் இன்ஜினும் தெரியவில்லை. கலையரசி அழுதாள். படங்கள் மொத்தத்தையும் அவளிடமே கொடுத்தனுப்பினேன். எனக்கு அவள்மேல் வருத்தம் எதுவும் இல்லை.

இப்போது விடிந்ததும், "வெள்ளையம்மா, எங்க கீற?" என்பார். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். நான் பேசினால் முகத்தை என் பக்கம் திருப்பி அப்படியே வைத்திருப்பார்.

வலது கண்ணில் கொஞ்சம் பார்வை மிச்சம் இருக்கிறது, ஆபரேஷன் செய்தால் அதையாவது காப்பாற்றலாம் என்கிறீர்கள். வேண்டாம், டாக்டரம்மா. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்போதுதான் அவர் என்னைப் பார்க்கிறார்.