கவுன்சிலிங்குக்கு ஒரு ரிவிஷன்

“டாக்டரம்மா எதைக் கேட்டாலும் டக்கு டக்குன்னு பதில் சொல்லணும். முழிக்கக் கூடாது.”

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போகும் பஸ். முன்சீட்டில் ஓர் அம்மா, எட்டாவது படிக்கிற மாதிரி ஒரு மகள். நான் ஜன்னலைப் பார்த்தபடி காதை மட்டும் முன்னால் அனுப்பியிருந்தேன்.

“அம்மா, அது கவுன்சிலிங். பரீட்சை இல்ல.”

“எதுவா இருந்தா என்ன? எங்க, சொல்லு. உனக்கு ஏன் தூக்கம் வரல?”

“மார்க் குறைஞ்சா நீ திட்டுவியோன்னு பயம்.”

“ஐயய்யோ! பொதுவா பயமா இருக்குன்னு சொல்லுடி.”

பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தது.

“அம்மா, வீட்ல சண்டை வருமான்னு கேட்டா?”

“அதெல்லாம் போர்ஷன்லயே கிடையாது.”

“கேக்கலைன்னாலும் சொல்லுவேன். நீயும் அப்பாவும் கத்துறப்ப நான் தலைகாணிய காதுல வெச்சு அமுக்கிக்கிறேன்ல, அதைச் சொல்லத்தாம்மா வரேன்.”

அந்த அம்மா மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“சரி, எல்லாத்தையும் சொல்லிடு. ஆனா சண்டைய ஆரம்பிக்கிறது அப்பாதான்னு முதல்லயே சொல்லிடு.”