ஒத்தக் கால்ல வெள்ளிமலைக்கு

வேணாம் தம்பி, வேணாம்! நீயே குந்து. இந்த பஸ்ஸுல என்னப் பாத்ததும் ஏந்தான் ஆளாளுக்குப் படக்குனு எழுந்துக்கிறீங்களோ... தல நரச்சிருந்தாப் போதும், "உக்காருங்க ஆயா"! நான் உனக்கு ஆயாவா? லூசி அக்கான்னு கூப்புடு. அறுபத்தொம்போதெல்லாம் ஒரு வயசா?

அய்ய, பாத்தியா! அந்தம்மா வந்து குந்திக்கிச்சு! சரி வுடு, நில்லு. நிக்கிறது ஒடம்புக்கு நல்லது.

ஏன் குந்தலன்னு கேளேன். இந்த வருஷம் மூணு தடவ வுழுந்துட்டேன். ஒண்ணு, பாத்ரூம்ல சோப்புத் தண்ணி. ரெண்டாவது, பிளாஸ்டிக் சேர் மேல ஏறி மாதா படத்துக்கு மால போடப் போயி. மூணாவது... அத வுடு, அது கோழியால வந்தது. எம்புள்ள ராபின் பெங்களூர்ல கீறான். "இன்னொரு தடவ வுழு, வூட்டப் பூட்டிட்டு உன்ன இங்க இட்டாந்துடுவேன்"ன்றான். நாலாவது மாடி தம்பி! அங்க இன்னா பண்றது, புறாவப் பாத்துக்கினு குந்தியிருக்கவா? வாராவாரம் மலயேறி சாமை வாங்கியாந்து கச்சிராயபாளையத்துல விக்கிறேன். எனக்கு என் வூடு வேணும், இந்த பஸ்ஸு வேணும். அவ்ளோதான்.

அதுக்குத்தான் இந்தப் பயிற்சி. ஆஸ்பத்திரியில நிர்மலான்னு ஒரு பொண்ணு சொல்லிக்குடுத்துச்சு. ஒத்தக் கால்ல பத்து எண்ற வரைக்கும் நிக்கணும். குதிகால கட்டவெரலோட ஒட்டி ஒட்டி வச்சி, வரப்புல போற மாதிரி நடக்கணும். கைய ஊனாம சேர்லேருந்து எழுந்துக்கணும். மொத நாளு ரெண்டு எண்றதுக்குள்ள ஆடிட்டேன். இப்ப இருபது! வெங்காயம் உரிக்கிறப்பக்கூட ஒத்தக் கால்தான். பக்கத்து வூட்டு செலினா, "இன்னாக்கா, கொக்கு கணக்கா"ன்னு சிரிக்கிறா. சிரிக்கட்டும்!

நீ நில்லேன் பாக்கலாம்! எளசுங்களுக்குத்தான் பேலன்ஸு கம்மி, எப்பவும் போனக் குனிஞ்சி பாத்துக்கினு... தூக்கு கால. ம்... கம்பிய வுடு! கம்பியப் புடிச்சா அது பயிற்சியா? நான் வுடல? ஒண்ணு... ரெண்டு... வளைவு வருது, முட்டிய லேசா மடக்கு... மூ... அய்யோ! தம்பி!

கண்டக்டரே! வுழுந்தது நான் இல்லீங்க, இந்தப் புள்ள! அடி பட்டுச்சா கண்ணு? நல்லவேள, என் காலி கோணி மேல வுழுந்த. இரு இரு, எழுந்துக்காத! அப்பிடியே கெட! எம்புள்ளைக்கு வீடியோ கால் போடறேன்...

டேய் ராபினு! பாருடா! கொண்ட ஊசி வளைவுல யாரு நிக்கிறா, யாரு கெடக்கிறா பாரு! ... இன்னா? அவன யாரு ஒத்தக் கால்ல நிக்கச் சொன்னதுன்னா? ... நிர்மலாவா? சேச்சே, அது பாவம்டா. ஓடுற வண்டியில செய்யவே கூடாது, எப்பவும் எதையாவது புடிச்சிக்கினுதான் செய்யணும்னு தலபாடா அடிச்சிக்கிச்சு... நான்தான்டா சொன்னேன். நான்தான். ... இன்னாடா சத்தம் அது? சிரிக்கிறியா? ... அப்ப பெங்களூருக்கு வர வேணாமா? ... ம்... ம்... சரிடா. புடிச்சிக்கிறேன். ரெண்டு கையாலயும் கம்பியப் புடிச்சிக்கிறேன்... அப்ப மொதல்ல நீ போன வையிடா!